ஜெனோவா நின்ற இடங்கள்

பாளையங்கோட்டை
14 செப்டம்பர் 1996

அன்புள்ள ஆவுடை,

பதினொரு இடங்களில் எங்கே நிறுத்தினாலும் ஆடக்கூடிய ஒரு பெண்ணை எங்கே நிறுத்துவது? ஒரு வாரமாக யோசிக்கிறேன். விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவதில் எனக்கு வெட்கமும் இல்லை. நான் தாவரவியல் படித்தவள். நீ பாட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பு முடித்துவிட்டுத் திரும்பும்வரை நம் கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆசிரியர் கூட்டத்தில் கை தூக்கியபோது, பந்து உருண்டை என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது கொஞ்சம் தெரியும். எல்லைக்கோட்டுக்கு உள்ளே குடையோடு நிற்கக் கூடாது என்று நடுவர் சொல்லிக் கொடுத்தார்.

ரயிலடியில் நீ சொல்லிவிட்டுப் போனது நினைவிருக்கிறது. "என்ன ஆனாலும் சரி அக்கா, ஜெனோவாவ லெஃப்ட் பேக்ல இருந்து நகத்தாதீங்க." இடது காலால் உதைப்பவர்கள் அபூர்வம், பின்னால் இடது ஓரத்தைக் காக்க அவளைப் போல இந்தப் பல்கலைக்கழகத்திலேயே ஆள் கிடையாது என்றாய். உன் பேச்சை நம்புகிறேன். ஆனால் நம் அணியில் இருப்பது பதிமூன்று பெண்கள். அவர்களில் ஒருத்திக்குச் செய்முறைத் தேர்வு, ஒருத்திக்கு அக்கா கல்யாணம், ஒருத்திக்குக் காய்ச்சல். எந்த ஓட்டை விழுந்தாலும் அதில் போய் நிற்க ஜெனோவா ஒருத்திதான் இருக்கிறாள். நான் சொல்வதற்கு முன்பே போய் நின்றுவிடுகிறாள்.

இதெல்லாம் எங்கே கற்றாய் என்று நேற்று கேட்டேன். புன்னக்காயல் கடற்கரையில் அண்ணன்மார்கள் ஆடுவார்களாம். பெண்பிள்ளை என்று சேர்க்க மாட்டார்களாம். யாராவது ஒருவன் கடலுக்குப் போய்விட்ட நாளில் மட்டும் அவன் இடத்தில் இவளை நிறுத்துவார்களாம். "இன்னைக்கு எவன் வலைக்குப் போனானோ அவன் இடந்தான் மிஸ் எனக்கு" என்றாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் குறையாகப் பட்டது.

அவளுக்கு இது கடைசி வருடம். பல்கலைக்கழக அணியில் பெயர் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் உடற்கல்விப் படிப்புக்கு இடம் கிடைக்கும். வராவிட்டால், கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவள் சித்தி மகள் போயிருக்கும் குஜராத் இறால் கம்பெனிக்கு இவளையும் அனுப்புவதாக வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள். ஏஜெண்ட் ஒருமுறை வந்து பார்த்துவிட்டும் போய்விட்டான்.

ஜாக்கிரதையாக இரு. குளிருக்கு இப்போதே கம்பளி வாங்கிக்கொள்.

ஈஸ்வரி

—

பாட்டியாலா
23 செப்டம்பர் 1996

ஈஸ்வரி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மெஸ்ஸில் ரொட்டியோடு சேர்த்துப் படித்தேன். கடிதம் ருசியாக இருந்தது. ரொட்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கனவில் சொதிக் குழம்பு வருகிறது.

நீங்கள் கேட்ட கேள்வியை இங்கே வகுப்பிலும் கேட்டார்கள். எல்லா இடத்திலும் ஆடுகிறவள் உசத்தியா, ஒரே இடத்தில் ஆடுகிறவள் உசத்தியா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பஞ்சாபிப் பையன்கள் மேசையைத் தட்டினார்கள். எங்கள் ஆசிரியர் கடைசியில், மூன்று இடத்தில் ஆடத் தெரிந்த ஒரு ஆள் கிடைப்பது அணிக்கு வரம் என்றார். நான் எழுந்து, அணிக்கு வரம் சார், அந்த ஆளுக்கு என்ன என்று கேட்டேன். என் ஆங்கிலம் அவருக்குப் புரியவில்லையோ, கேள்வி புரியவில்லையோ, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

போன வருடம் தேர்வாளர்கள் ஜெனோவாவை மூன்று ஆட்டம் பார்த்தார்கள். மூன்றிலும் மூன்று இடம். நல்லா ஆடுது பிள்ளை என்று மூன்று பேருமே சொன்னார்கள். பட்டியலில் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பெயர் எழுதும்போது இவளை எந்த வரியில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். அவளைவிடச் சுமாராக ஆடுகிற பிள்ளைகள் சென்னைக்குப் போய்ப் பல்கலைக்கழகச் சட்டை போட்டு ஆடினார்கள். அதனால்தான் சொன்னேன். ஒரே இடம், அக்கா. தோற்றாலும் ஒரே இடம்.

நாற்பத்தொரு வயதில் நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் காலையிலிருந்து சாயங்காலம்வரை படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கை தூக்கியதால். அதை ஒரு நாளும் மறக்க மாட்டேன்.

ஆவுடைத்தாய்

—

பாளையங்கோட்டை
3 அக்டோபர் 1996

அன்புள்ள ஆவுடை,

நல்ல செய்தியை முதலில் எழுதுகிறேன். முதல் சுற்றில் மூன்று ஆட்டமும் வென்றோம். நவம்பர் ஐந்தாம் தேதி அரையிறுதி, ஆறாம் தேதி இறுதி ஆட்டம். அன்றைக்கே தேர்வுப் பட்டியலும் போடுவார்கள்.

நீ கோபப்படப்போகும் செய்தி இரண்டாவது. முதல் ஆட்டத்தன்று கோல் கீப்பர் மஹாலக்ஷ்மிக்கு வேதியியல் செய்முறை. துறைத் தலைவரிடம் நேரில் போய்க் கேட்டும் நாளை மாற்ற முடியாது என்றுவிட்டார். ஜெனோவா கோலில் நின்றாள். எதிரணி அடித்த எதையும் உள்ளே விடவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் நடுவே ஆள் குறைந்தது. நடுவில் நின்றாள். மூன்றாவதில் கடைசிவரை கோல் விழவில்லை, அவளையே முன்னால் அனுப்பினேன். அவளே அடித்தாள்.

நான் காரணம் சொல்லவில்லை, கணக்குச் சொல்கிறேன். அவள் உன் சொல்படி இடது ஓரத்திலேயே நின்றிருந்தால் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியிருப்போம். வெளியேறிய அணியின் லெஃப்ட் பேக்கை எந்தத் தேர்வாளர் பார்ப்பார்? ஒரே இடம் என்பது பதினெட்டு ஆள் உள்ள அணிக்குச் சரி. பதிமூன்று பேர் உள்ள அணிக்கு அது ஆடம்பரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. என்னைச் சமாதானப்படுத்து, கேட்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் தேர்வாளர் ஒருவர், சட்டைப்பையில் பேனா செருகிய மனிதர், பேனாவை எடுத்துக்கொண்டே அவளிடம் வந்தார்.

"ஏம்மா, நீ எந்த இடம்?"

"எங்கன நிக்கச் சொல்லுதாங்களோ அங்கன சார்."

அவர் சிரித்தார். பேனாவைத் திரும்பச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார்.

ஈஸ்வரி

—

பாட்டியாலா
10 அக்டோபர் 1996

அக்கா,

நீங்கள் அவளைக் கோலில் நிறுத்தவில்லை. இறால் கம்பெனி வாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

சமாதானப்படுத்தச் சொன்னீர்கள். எனக்குக் கணக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன். பதினாறு வருடமாக அந்தக் கல்லூரியில் என் வேலை என்ன? உடற்கல்வி என்று போர்டில் இருக்கிறது. ஆண்டு விழாவுக்குப் பந்தல் யார்? ஆவுடை. ஹாஸ்டலில் பிள்ளைக்கு ஜுரம், ஆஸ்பத்திரிக்கு யார்? ஆவுடை. பஸ் பிடிக்க, கூட்டத்தை அடக்க, தேர்வு அறையில் ஆள் குறைந்தால் உட்கார, எல்லாவற்றுக்கும் ஆவுடை. எல்லாரும் மெச்சினார்கள். ஆவுடை இருந்தா கவலையில்ல என்பார்கள். எனக்கும் மனசு குளிர்ந்து போகும். கால்பந்தில் மேற்படிப்புக்கு விடுங்கள் என்று மூன்று முறை மனுப் போட்டேன். மூன்று முறையும், நீ போய்ட்டா இதெல்லாம் யாரு பாக்கிறது என்றார்கள். நான் கெட்டிக்காரியாக இருந்ததுதான் நான் போக முடியாததற்குக் காரணம்.

மாற்றுப் பணி அட்டவணை போடுகிறவர் நீங்கள்தானே அக்கா? ஒரு ஆசிரியர் லீவு என்றால் அந்த வகுப்புக்கு நீங்கள் யார் பெயரை முதலில் எழுதுவீர்கள்? முடியாது என்று சொல்லாதவள் பெயரை. அப்படித்தான் அணியையும் நடத்துகிறீர்கள்.

எழுதிய பிறகு திரும்பப் படிக்கவில்லை. படித்தால் அனுப்ப மாட்டேன்.

ஆவுடை

—

பாளையங்கோட்டை
21 அக்டோபர் 1996

அன்புள்ள ஆவுடை,

உன் கடிதம் வந்து நாலைந்து நாளாகிறது. முதல் நாள் கோபம் வந்தது. மறுநாள் உனக்குப் பதில் சொல்ல என் வாதங்களை எழுதிப் பார்த்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தன. கிழித்துப் போட்டேன்.

நீ எழுதாமல் விட்ட ஒன்றை நான் எழுதுகிறேன். பாபநாசத்திலிருந்து கடல்வரை ஆற்றில் பாசி சேகரித்து நான் முனைவர் பட்டம் வாங்கியது எல்லாருக்கும் தெரியும். அதற்காக ஐந்து வருடம் சனிக்கிழமை தவறாமல் ஆற்றில் இறங்கினேன். அந்தச் சனிக்கிழமைகளில் துணை விடுதிக் காப்பாளர் வேலை என்னுடையது. அதை எனக்குப் பதிலாக நீ பார்த்துக்கொண்டாய். ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு போவாய். ஆய்வேட்டில் நன்றி சொன்னவர்களின் வரிசையில் துறைத் தலைவர், நூலகர், மைக்ராஸ்கோப் பழுது பார்த்தவர் வரை இருக்கிறார்கள். உன் பெயரும் இருக்கிறது, "மற்றும் நண்பர்கள்" என்பதற்கு முன்னால். அது போதவே போதாது. நான் ஒரே இடத்தில் நின்று ஒரே விஷயத்தைப் படிக்க முடிந்தது, நீ என் இடத்திலும் நின்றதால். நன்றி, ஆவுடை. எனக்கு இந்தச் சொல் எளிதில் வராது என்பது உனக்குத் தெரியும்.

இவ்வளவு எழுதிய பிறகும் எல்லா இடமும் தெரிந்திருப்பது குறை என்று நான் நம்பவில்லை. ஒருத்தி மட்டும் அப்படி இருப்பதுதான் குறை. அதைச் சோதித்துப் பார்த்தேன்.

வியாழக்கிழமை பயிற்சிக்கு முன் எல்லாரையும் மரத்தடியில் உட்கார வைத்து, மஹாலக்ஷ்மி வராவிட்டால் கோலில் யார் என்று கேட்டேன். எல்லாத் தலையும் ஜெனோவா பக்கம் திரும்பியது. அவளும் எழுந்துவிட்டாள். அவளைப் பந்துகளுக்குக் காற்றடித்து வரச் சொல்லி அனுப்பினேன். மறுபடி அதே கேள்வி. இப்போது தலைகள் தரையைப் பார்த்தன.

கடைசியில் ஹம்ஸினி பேசினாள். நம்முடைய முதல் ஃபார்வர்டு, போன வருடம் பல்கலைக்கழக அணியில் ஆடியவள், கோல் அடிப்பதைத் தவிர வேறு எதுவும் தன் வேலையில்லை என்று நினைக்கிறவள்.

"நான் நிக்கறேன் மிஸ். ஆனா கோல் வாங்கினா என்னைத் திட்டப்படாது."

"நீ நின்னா வலைய எடுத்து வீட்டுல வச்சுட்டு வரலாம்ட்டி" என்றாள் நடுவில் ஆடும் ஜனாபா. எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஜனாபாவே, ஹம்ஸினி பின்னால் போனால் தான் முன்னால் போவதாகச் சொன்னாள். அப்படியே ஒருத்தி இடத்துக்கு இன்னொருத்தி. பாதிப் பேருக்குத் தன் இடத்தைத் தவிர இன்னொன்று தெரியாது. இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, கற்றுக்கொள்கிறோம் என்றார்கள். ஒருத்தி ஒரு இடத்தில் நிற்பதற்காக மற்ற எல்லாரும் இரண்டிரண்டு இடம் பழக வேண்டியிருக்கிறது. இதை நீ முன்பே சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருக்க மாட்டேன்.

ஜெனோவாவுக்குப் பிடிக்கவில்லை. அவளைத் தண்டித்துவிட்டதாக நினைக்கிறாள்.

ஈஸ்வரி

—

பாட்டியாலா
28 அக்டோபர் 1996

ஈஸ்வரி அக்காவுக்கு,

கடிதத்தை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். கூடத் தங்கியிருக்கும் மணிப்பூர்ப் பெண், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். இல்லை, நல்ல செய்தி என்றேன். அதற்கு எதற்கு மூக்கைச் சிந்துகிறாய் என்றாள்.

சாவிக்கொத்தை நான் வாங்கிக்கொண்டு போனது உங்களுக்காக மட்டும் இல்லை. திங்கட்கிழமை ஒரு பாட்டிலில் பச்சைத் தண்ணீரைக் கொண்டுவந்து, இது சீவலப்பேரியில் கிடைத்தது என்று குழந்தை மாதிரிக் காட்டுவீர்களே, அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது கிடைத்திருக்கிறது. ஆகவே நாம் நன்றி சொல்வதை இத்தோடு நிறுத்துவோம். ஆட்டத்துக்கு அதிக நாள் இல்லை.

ஹம்ஸினிக்கு: பந்தைக் கையால் தட்டாதே, நெஞ்சோடு அணை. பந்து வரும் திசைக்கு உடம்பு முழுக்கப் போக வேண்டும், கை மட்டும் போனால் விரல் போகும்.

ஜெனோவாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வேண்டியிருந்ததால் மட்டுமே சேர்த்துக்கொள்ளப்பட்ட பிள்ளை அது. யார் இடமாவது காலியாக இருக்கும்போது தன்னைக் கூப்பிடவில்லை என்றால், தன்னை வேண்டாம் என்று சொல்வதாகத்தான் படும். பைய எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்கும்.

ஆவுடை

—

பாளையங்கோட்டை
5 நவம்பர் 1996, மாலை

அன்புள்ள ஆவுடை,

உன் கடிதம் நேற்று வந்தது. ஹம்ஸினியிடம் வாசித்துக் காட்டினேன். விரல் போகும் என்ற இடத்தில் முகம் மாறியது.

இன்று அரையிறுதியில் ஒன்றுக்குப் பூஜ்யம். ஹம்ஸினி அடித்தாள். ஜெனோவா முழு ஆட்டமும் இடது ஓரத்தில் நின்றாள். எதிரணியின் வலது ஓரக்காரி, நல்ல உயரம், அவளைத் தாண்டி ஒரு தடவைகூடப் போகவில்லை. எனக்கே தெரிந்தது என்றால் தேர்வாளர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவர்கள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. நாளை இறுதி ஆட்டம் பார்த்த பிறகுதான் எழுதுவோம் என்கிறார்கள்.

ஆட்டம் முடிந்து ஜெனோவாவைத் தனியாகக் கூப்பிட்டேன். நீ சொன்னபடி பைய எடுத்துச் சொன்னேன். உன்னை மற்ற இடங்களுக்கு அனுப்பாதது நீ வேண்டாம் என்பதால் இல்லை, இந்த இடம் உன்னுடையது என்பதால் என்றேன். கொஞ்ச நேரம் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அங்கனயே நிக்கக் கஷ்டமா இருக்கு மிஸ். முன்னால பிள்ளைய திணறுதத பாத்துக்கிட்டு நிக்கணும். என் காலு கேக்க மாட்டேங்கு."

"நீ போனா அவ எப்பக் கத்துக்கிடுவா?"

"அவ கத்துக்கிடதுக்குள்ள கோல் விழுந்துருமே."

விழலாம் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இத்தனை நாளில் நான் அவளிடம் சொன்ன உண்மையான வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

நாளைய அணி நம்மைவிடப் பலமானது. வெல்வோம் என்று நான் நம்பவில்லை. வெல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பிரின்சிபால் கோப்பைக்கு அலமாரியில் இடம் ஒதுக்கிவிட்டார். ஜெனோவாவை மறுபடி நகர்த்தினால் நாளைக்கு ஒருவேளை வெல்லலாம் என்பதும் எனக்குத் தெரியும். உன் பேச்சை இப்போது முழுக்க ஏற்றுக்கொண்டவள்போல எழுதியிருந்தாலும், நாளை எழுபது நிமிடமும் என் வாயைக் கட்டிவைக்க முடியுமா என்பது எனக்கே சந்தேகம். கடிதத்தை மூடவில்லை. நாளை நடந்ததை எழுதித் தபாலில் போடுகிறேன்.

6 நவம்பர்

இடைவேளைவரை கோல் இல்லை. இடைவேளை முடிந்து சிறிது நேரத்தில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்த மஹாலக்ஷ்மி கையூன்றி விழுந்தாள். மணிக்கட்டு உடனே வீங்கிவிட்டது. அவளை வெளியே கொண்டுவந்தோம். திரும்பிப் பார்த்தால் ஜெனோவா கோலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். நான் எழுந்துவிட்டேன். வாயையும் திறந்துவிட்டேன். என்ன சொல்ல இருந்தேன் என்று எனக்கு இப்போதும் தெரியாது.

அதற்குள் ஹம்ஸினி மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்து மஹாலக்ஷ்மியின் கையுறைகளை வாங்கிக்கொண்டாள். ஜெனோவாவைப் பார்த்து, "எங்கடி வரே? உன் இடத்துக்குப் போ" என்றாள். ஜெனோவா அசையவில்லை. ஜனாபா முன்னால் போனாள். வெளியே உட்கார்ந்திருந்த பிள்ளை ஜனாபாவின் இடத்துக்கு உள்ளே இறங்கினாள். எல்லாரும் நின்ற பிறகு இடது ஓரம் மட்டும் காலியாக இருந்தது. ஜெனோவா அங்கே போய் நின்றாள்.

இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். முதல் கோல் ஹம்ஸினியின் கைக்குள் வந்து நழுவியது. இரண்டாவதற்கு அவள் எதிர்த் திசையில் பாய்ந்தாள். இரண்டு பந்தும் மறுபக்கத்திலிருந்து வந்தவை. இடது ஓரம் வழியாக ஒன்றும் வரவில்லை.

மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை ஒட்டினார்கள். லெஃப்ட் பேக் என்பதற்கு நேராக முதல் பெயர் ஜெனோவா மச்சாது. ஹம்ஸினியின் பெயர் ஃபார்வர்டுகளில் இல்லை. கீழே மாற்று ஆட்டக்காரிகளில் கடைசியாக இருந்தது. இன்று பாதி ஆட்டம் அவளை முன்னால் யாரும் பார்க்கவில்லை.

ஜெனோவா தன் பெயரைப் பார்த்த பிறகு கீழேவரை படித்தாள். நேராக ஹம்ஸினியிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹம்ஸினி அழுதிருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போன வருஷம் நான் போனேன், அங்க சாம்பார் நன்னாவே இருக்காது. ஊறுகாய் எடுத்துண்டு போ" என்றாள். மஹாலக்ஷ்மிக்குக் கட்டுப் போட்டு அழைத்து வரும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

இறால் கம்பெனி விஷயத்தை வீட்டில் தானே சொல்லிக்கொள்வதாக ஜெனோவா சொன்னாள். பட்டியலின் நகல் ஒன்றைக் கையில் கொடுத்து, ஊருக்கு அனுப்பப் பாளை பஸ் நிலையத்துக்குக் கூடவே போனேன். ஆத்தூர் வழி பஸ்ஸில் கூட்டம். ஜன்னலோரமாக ஓர் இடம் பிடித்து அவளை உட்கார வைத்தேன். வண்டி புறப்படும் நேரத்தில் இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக ஒருத்தி ஏறினாள். ஜெனோவா எழுந்து அவளை உட்காரச் சொல்லிவிட்டு, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி எனக்குக் கையாட்டினாள்.